படிப்பு முடிந்த முதல் ஆண்டு: அமெரிக்கச் செவிலியர் ரெசிடென்சி வந்த வழி

செவிலியர் ரெசிடென்சி என்பது, படிப்பை முடித்து உரிமத் தேர்விலும் தேறி முதன்முதலாக வேலைக்குச் சேரும் நர்ஸை, மருத்துவமனை சம்பளம் கொடுத்து ஏறத்தாழ ஓராண்டு பழக்கி எடுக்கும் ஏற்பாடு. தொடக்க வாரங்களில் அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் ஷிப்டு தோறும் கூடவே இருப்பார். அதன்பின் நோயாளிகளைப் புதியவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாலும், உடன் சேர்ந்தவர்களோடு மாதந்தோறும் கூடிப் பேசவும் படிக்கவும் பணி நேரத்திலேயே இடம் ஒதுக்கப்படும். இந்தப் பெயரும் வடிவமும் அமெரிக்காவில் பரவியது 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அது தீர்க்க வந்த சிக்கலோ நூற்றைம்பது ஆண்டுப் பழமை கொண்டது. பாடம் தெரிந்தவர் வார்டு தெரிந்தவராக மாற ஓர் இடைக்காலம் தேவைப்படுகிறது. அந்தக் காலத்தின் செலவைச் சுமப்பது யார் என்பதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு விடை சொல்லி வந்திருக்கிறது.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ல் தொடங்கிய நைட்டிங்கேல் பள்ளியில் அந்த விடை தெளிவாகவே இருந்தது. கிரிமியப் போரில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஆற்றிய பணியைப் பாராட்டி அவர் பெயரில் மக்கள் திரட்டித் தந்த நிதி பயிற்சிச் செலவை ஏற்றது. மாணவிகளுக்குத் தங்குமிடமும் உணவும் சிறு தொகையும் கிடைத்தன. ஓராண்டுப் பயிற்சி முடிந்ததும், நிதிக்குழு அனுப்பும் மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் பணிபுரிய அவர்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர் வழக்கில் சொன்னால், அது ஒரு பாண்டு.

இந்த முறை அமெரிக்காவுக்குப் போனபோது பள்ளியும் ஒழுங்கும் போயின. அப்படியொரு நிதி போகவில்லை. பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனை 1872-ல் முறையான பயிற்சியைத் தொடங்கியது. மறு ஆண்டு அங்கே தேறிய லிண்டா ரிச்சர்ட்ஸை அமெரிக்காவின் முதல் பயிற்சி பெற்ற செவிலியராகக் கொள்கிறார்கள். அதே பள்ளியில் 1879-ல் தேறிய மேரி எலைசா மஹோனி, அந்நாட்டில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர். 1873-ல் நியூயார்க் பெல்வியூ, நியூ ஹேவன், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆகிய மூன்று இடங்களில் நைட்டிங்கேல் வழியில் பள்ளிகள் திறந்தன.

ரிச்சர்ட்ஸ் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகள் அந்நாளைய பயிற்சியைக் கண்முன் கொண்டுவருகின்றன. காலை 5.30-க்கு எழுந்தால் வார்டை விட்டு வெளியேற இரவு 9 மணியாகிவிடும். படுக்கை வார்டுகளுக்கு இடையிலுள்ள சிறு அறையில். ஒருவர் பொறுப்பில் ஆறு நோயாளிகள். இரவில் அவர்கள் கூப்பிட்டாலும் அவர்தான் எழுந்து போக வேண்டும். பாடநூல் கிடையாது, தேர்வு கிடையாது. மருந்துக் குப்பிகளின் மேல் பெயருக்குப் பதிலாக எண்தான் இருக்கும். என்ன மருந்து கொடுக்கிறோம் என்பதே கொடுப்பவருக்குத் தெரியாது.

மருத்துவமனைகளுக்கு இதில் இருந்த லாபம் விரைவிலேயே புரிந்துவிட்டது. பள்ளி ஒன்று வைத்துக்கொண்டால் வார்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. 1900 வாக்கில் நானூறுக்கு மேல் இருந்த பள்ளிகள் 1920-களில் இரண்டாயிரத்தைத் தொட்டன. ஒரு நல்ல பள்ளி நடத்தப் போதுமான நோயாளிகளே இல்லாத சிறு மருத்துவமனைகளும் பள்ளி நடத்தின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளியை நடத்திய இசபெல் ஹாம்ப்டன், படிப்பை மூன்றாண்டாக நீட்டி அதற்கு ஈடாக வேலை நேரத்தை நாளுக்கு எட்டு மணியாகக் குறைக்கலாம் என்று 1890-களில் வாதாடினார். பல மருத்துவமனைகள் மூன்றாம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு எட்டு மணி நேரத்தை விட்டுவிட்டன.

இந்த அமைப்பில் மாணவிதான் மருத்துவமனையின் ஊழியர். டிப்ளமோ வாங்கியவுடன் அவருக்கு அங்கே இடமில்லை. தலைமை நர்ஸாகத் தங்கும் ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் வசதியுள்ள வீடுகளில் நோயாளிகளைத் தனியாகக் கவனிக்கும் வேலைக்குப் போனார்கள். இன்றைய ரெசிடென்சியை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் கிடைப்பது இது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டு கழித்து வெளியே வந்தவருக்கு வார்டு புதியதல்ல. நள்ளிரவில் ஒரு வார்டு முழுவதையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர் அவர். அந்தத் துணிச்சலுக்கான விலையை அவரது உடல்நலமும், பழகாத கைகளில் விடப்பட்ட நோயாளிகளும் கொடுத்தார்கள். ஜோசஃபின் கோல்ட்மார்க் 1923-ல் எழுதிய அறிக்கையும், மே ஏர்ஸ் பர்ஜெஸ் 1928-ல் வெளியிட்ட ஆய்வும் இந்த முறையின் கேட்டைப் புள்ளிவிவரங்களோடு எடுத்துரைத்தன. கல்வியும் கூலியில்லா உழைப்பும் ஒரே பெயரில் நடக்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம்.

அறிக்கைகளால் ஆகாததைப் பொருளாதார மந்தம் செய்தது. 1930-களில் வீட்டில் நர்ஸ் வைத்துக்கொள்ளும் வசதி குடும்பங்களுக்கு அற்றுப்போனது. வேலையிழந்த டிப்ளமோ நர்ஸ்கள் குறைந்த சம்பளத்துக்கு மருத்துவமனைகளுக்கே திரும்பினார்கள். ஸ்டாஃப் நர்ஸ் என்ற சம்பளப் பதவி பரவலானது அப்போதுதான்.

இரண்டாம் உலகப் போரில் இந்த இடைக்காலத்துக்கு ஒரு முன்மாதிரி உருவானது. ஓஹையோவைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் பிரான்சிஸ் பெய்ன் போல்டன் கொண்டுவந்த சட்டத்தின்படி 1943-ல் கேடட் நர்ஸ் படை அமைந்தது. கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றது; சாம்பல் நிறச் சீருடை, மாத உதவித்தொகை எல்லாம் உண்டு. மூன்றாண்டுப் படிப்பு முப்பது மாதங்களாகச் சுருக்கப்பட்டது. எஞ்சிய ஆறு மாதம் 'சீனியர் கேடட்' என்ற பெயரில் தம் மருத்துவமனையிலோ ராணுவ மருத்துவமனையிலோ வேறு அரசு மருத்துவமனையிலோ மேற்பார்வையின்கீழ் முழுநேரப் பணி. முதல் ஒன்பது மாதம் 15 டாலர், பிறகு 20 டாலர் என்று உதவித்தொகை கொடுத்தது மத்திய அரசு. சீனியர் கேடட்டுக்குக் குறைந்தது 30 டாலர். அதைக் கொடுக்க வேண்டியது அவர் பணிபுரியும் மருத்துவமனை. படிப்பை முடித்த, ஆனால் முழு நர்ஸாகாத ஒருவருக்கு மருத்துவமனை பணம் கொடுத்துப் பழக்குவது என்ற எண்ணம் தேசிய அளவில் நடைமுறைக்கு வந்தது இங்கேதான். ஏறத்தாழ 1,24,000 பேர் இப்படித் தேறினார்கள். போர் முடிந்ததும் புதிய சேர்க்கை நின்றது; சில ஆண்டுகளில் திட்டமும் முடிந்தது.

பிறகு கல்வி மருத்துவமனையை விட்டு வெளியேறத் தொடங்கியது. மினசோட்டா பல்கலைக்கழகம் 1909-லேயே செவிலியர் பள்ளி தொடங்கியிருந்தது, யேல் 1923-ல். எஸ்தர் லூசில் பிரவுன் 1948-ல் தந்த அறிக்கை, செவிலியர் கல்வியின் இடம் பல்கலைக்கழகமே என்றது. மில்ட்ரெட் மோன்டாக் முன்வைத்த இரண்டாண்டு இணைப்பட்டப் படிப்பு 1952 முதல் சமுதாயக் கல்லூரிகளில் சோதிக்கப்பட்டு வேகமாகப் பரவியது. 1965-ல் அமெரிக்கச் செவிலியர் சங்கம், செவிலியர் கல்வி முழுவதும் உயர்கல்வி நிறுவனங்களில்தான் நடக்க வேண்டும் என்று கொள்கை அறிவித்தது. மருத்துவமனைப் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மாணவி கூலியில்லா ஊழியராக இருந்த நிலை ஒழிந்தது. அது பெரிய நீதி. அதோடு வார்டில் கழிந்த ஆயிரக்கணக்கான மணி நேரமும் போனது. அந்த இடத்தை நிரப்ப எந்த ஏற்பாடும் அப்போது செய்யப்படவில்லை.

அந்த வெற்றிடத்துக்குப் பெயர் வைத்தவர் மார்லின் கிரேமர். அவர் 1974-ல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'ரியாலிட்டி ஷாக்'. செவிலியர் ஏன் இந்தத் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்பது அதன் கேள்வி. வேற்று நாட்டில் போய் வாழ்பவருக்கு ஏற்படும் பண்பாட்டு அதிர்ச்சியைப் போன்றதே புதிய நர்ஸுக்கு வார்டில் நேர்கிறது என்றார் அவர். கல்லூரிக் காலத்தில் மாணவிக்கு ஓரிரு நோயாளிகள்; முந்தின நாளே கேஸ் ஷீட்டைப் படித்து, திட்டம் எழுதி, அந்த நோயாளியின் பயத்தையும் குடும்பத்தையும் சேர்த்துக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். வேலைக்கு வந்த அன்று அவர் முன்னால் பல நோயாளிகள். ஒருவருக்கு டிரிப் முடிகிறது, இன்னொருவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும், டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார், உறவினர் காத்திருக்கிறார். ஷிப்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்ததா என்பதே அங்கே கேட்கப்படும் கேள்வி. பள்ளி பாராட்டிய குணங்களையே வார்டு மந்தம் என்று சொல்லிக் குறை காண்கிறது.

தேனிலவு, அதிர்ச்சி, மீட்சி, தெளிவு என்று இந்த அனுபவத்தைக் கிரேமர் நான்கு கட்டமாகப் பிரித்தார். எல்லோரும் நான்காவதை எட்டுவதில்லை. சிலர் வேலையை விடுகிறார்கள். சிலர் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை போகிறார்கள். சிலர் பாதுகாப்பான இடம் என்று மீண்டும் கல்லூரிக்கே திரும்புகிறார்கள். சிலர் கற்றதையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு வார்டின் போக்கோடு போய்விடுகிறார்கள். கடைசி வகையினர் வேலையில் நீடிப்பதால் அவர்களின் இழப்பு கணக்கில் வருவதில்லை என்பதைக் காட்டியதே இந்த நூலின் ஆழமான பகுதி. கிரேமர் சொன்ன மருந்து, புதியவர்களைக் குழுவாகக் கூட்டி இரு உலகங்களின் மதிப்பீடுகளையும் வெளிப்படையாகப் பேசவைப்பது. இன்றைய ரெசிடென்சியின் மாதாந்திரக் கூட்டம் அந்த யோசனையின் வாரிசு.

1970-களிலும் 80-களிலும் பல மருத்துவமனைகள் 'இன்டர்ன்ஷிப்' என்ற பெயரில் தத்தம் வழியில் பயிற்சி நடத்தின. பிரிசெப்டர், அதாவது புதியவரைக் கூடவே வைத்துப் பழக்கும் மூத்த நர்ஸ், என்ற பொறுப்பு அக்காலத்தில் வேரூன்றியது. இவற்றுக்குப் பொது அளவுகோல் இல்லை. பட்ஜெட் இறுகினால் முதலில் வெட்டப்பட்டதும் இவைதான். உரிமத் தேர்வின் பழைய முறையும் எதிர்பாராத ஓர் உதவி செய்துவந்தது. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஜூலையிலும், தாளில் நடந்த அந்தத் தேர்வின் முடிவு வரும்வரை, பல மாநிலங்களில் புதியவர்கள் தற்காலிக அனுமதியோடு மேற்பார்வையின்கீழ் வேலை செய்தார்கள். 1994 ஏப்ரலில் தேர்வு கணினிக்கு மாறி ஆண்டு முழுவதும் எழுதக்கூடியதானதும், அந்தச் சில மாத இடைவெளி சில வாரங்களாகச் சுருங்கியது.

பட்ரீஷியா பென்னர் 1984-ல் வெளியிட்ட நூல் சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டியது. விமானிகளையும் சதுரங்க வீரர்களையும் ஆராய்ந்து டிரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த ஐந்து படிநிலைகளைப் பென்னர் செவிலியருக்குப் பொருத்திப் பார்த்தார். புதியவர், சற்றுத் தேறிய தொடக்கநிலையாளர், திறமுடையவர், கைதேர்ந்தவர், வல்லுநர். பட்டம் பெற்று வருபவர் இரண்டாம் படியில் இருக்கிறார். விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். ஒரே வகை வார்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்தால்தான் மூன்றாம் படி. அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும்போதே 'இந்த நோயாளிக்கு ஏதோ சரியில்லை' என்று உணர்வது அதற்கும் மேலே உள்ளவர்களின் திறன். அப்படியானால் முதல் ஆண்டுத் தடுமாற்றம் கல்லூரியின் குற்றமும் அல்ல, நர்ஸின் குறையும் அல்ல. எந்தத் திறனும் வளரும் விதம் அது.

அந்த வளர்ச்சிக்குத் தேவையான அவகாசம் அப்போதே குறைந்துகொண்டிருந்தது. 1983-ல், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நோயின் வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானித்த தொகையைத் தரத் தொடங்கியது. நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது மருத்துவமனைக்கு லாபமானது. குணமாகிக்கொண்டிருக்கும் நோயாளிகள், அதாவது புதிய நர்ஸ் பதற்றமில்லாமல் பழகிக்கொள்ளக் கூடியவர்கள், கட்டில்களை விட்டுப் போனார்கள். எஞ்சியவர்கள் கடும் நோயாளிகள். 1990-களின் சிக்கன நடவடிக்கைகளில் வார்டுகளின் பயிற்சியாளர் பதவிகள் பல இடங்களில் குறைந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் செவிலியர் தட்டுப்பாடு வந்தபோது, முன்பெல்லாம் அனுபவசாலிகளை மட்டுமே எடுத்த ஐசியூக்களும் புதியவர்களை எடுக்க வேண்டியதாயிற்று. 1999 நவம்பரில் வந்த அமெரிக்க மருத்துவக் கழகத்தின் (இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்) அறிக்கை, தவிர்க்கக்கூடிய பிழைகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. புதியவர்களின் முதல் ஆண்டு அதன்பின் நோயாளிப் பாதுகாப்புக் கேள்வியாகவும் ஆனது.

லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனை 1999-ல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் இந்தப் புதிய கட்டத்தின் முதல் பெரிய முயற்சி. ஓராண்டுக்குள் வேலையை விட்டவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 14 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 36 சதவீதம் என்று 2001-ல் வெளியான முடிவு காட்டியது. அந்தத் திட்டமே பின்னர் வெர்சன்ட் என்ற பெயரில் மற்ற மருத்துவமனைகளுக்கும் சென்றது. இன்னொரு பக்கம், பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கூட்டமைப்பும் அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சங்கமும் சேர்ந்து 2002-ல் ஆறு இடங்களில் ஓராண்டு ரெசிடென்சியைத் தொடங்கின. வைஸியன்ட் என்ற பெயரோடு இன்று நாடெங்கும் பரவியிருப்பது அதுவே. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் கூட்டு ஆணையமும் அதே 2002-ல், டாக்டர்களுக்கு இருப்பதுபோல் நர்ஸ்களுக்கும் ரெசிடென்சி வேண்டும் என்று எழுதியது.

பெயரும் டாக்டர்களிடமிருந்து வந்ததுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1889-க்குப் பின் வில்லியம் ஆஸ்லர் முதலானோர் உருவாக்கிய முறையில், இளம் டாக்டர்கள் மருத்துவமனையிலேயே தங்கியதால் 'ரெசிடென்ட்' ஆனார்கள். வார்டுகளுக்கு நடுவிலேயே படுத்துறங்கிய ரிச்சர்ட்ஸின் தலைமுறைக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

திட்டத்தின் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். சாதாரண வார்டில் சில வாரங்களும் ஐசியூவில் அதைவிட நீண்ட காலமும் பிரிசெப்டரோடு பணி. நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று, இரண்டு என்று மெல்லக் கூடும். மாதம் ஒருமுறை நான்கு மணி நேர அளவில் கூட்டம். நிலை மோசமாகும் நோயாளியை அடையாளம் காண்பது, ஷிப்டு மாறும்போது தகவல் ஒப்படைப்பது, டாக்டரிடம் போனில் சுருக்கமாகச் சொல்வது, மரணத்துக்குப் பின் குடும்பத்தோடு பேசுவது ஆகியவை அங்கே பாடங்கள். ஆண்டு முடிவில், தம் வார்டின் ஏதேனும் ஒரு வழக்கத்தை ஆய்வு ஆதாரங்களோடு ஒப்பிட்டுத் திருத்தம் சொல்லும் சிறு திட்டப்பணி.

கொலராடோவின் கேத்தி கேசியும் ரெஜினா ஃபிங்கும் உருவாக்கிய கேள்வித்தாளைத் தொடக்கத்திலும் ஆறாம் மாதத்திலும் ஆண்டு முடிவிலும் நிரப்பச் சொல்வார்கள். அந்த விடைகள் ஒரு முக்கியமான உண்மையை வெளிக்கொண்டுவந்தன. வேலை மீதான மனநிறைவு நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஆறாம் மாதத்தை ஒட்டிச் சரிந்து, ஆண்டு முடிவில் மீள்கிறது. பிரிசெப்டர் விலகி, நைட் டூட்டி தொடங்கி, பிழை செய்துவிடுவோமோ என்ற அச்சம் உச்சத்தில் இருக்கும் காலம் அது. சில வார அறிமுகப் பயிற்சியோடு நின்றுவிடும் மருத்துவமனையில் அந்த வேளையில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. ஓராண்டு என்ற கால அளவுக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

கல்லூரிக்கும் வார்டுக்கும் இடையிலான தூரத்தை வேறு ஆய்வுகளும் அளந்தன. புதிய நர்ஸ்களில் 35 சதவீதத்தினரே மருத்துவ முடிவெடுப்பில் எதிர்பார்க்கப்படும் தொடக்கநிலைத் திறனைக் காட்டினார்கள் என்று டோரதி டெல் பியூனோ 2005-ல் எழுதினார். புதியவர்கள் பாதுகாப்பாகப் பணிசெய்யத் தயார் என்று கல்லூரித் தலைவர்களில் ஏறத்தாழ 90 சதவீதமும் மருத்துவமனைச் செவிலியர் தலைவர்களில் ஏறத்தாழ 10 சதவீதமும் நம்பியதாக 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு ரெசிடென்சிகளுக்கான அங்கீகாரத் தரங்களும் வகுக்கப்பட்டன. 2010-ல் கார்னெகி அறக்கட்டளைக்காகப் பென்னர் குழு செய்த ஆய்வும், செவிலியத்தின் எதிர்காலம் பற்றிய மருத்துவக் கழக அறிக்கையும் ரெசிடென்சியைப் பரிந்துரைத்தன. இல்லினாய், ஓஹையோ, வட கரோலினா மாநிலங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் செவிலியர் உரிமக் குழுக்களின் தேசியக் கூட்டமைப்பு நடத்திய பெரிய ஆய்வு 2015-ல் வந்தது. ஒழுங்காக அமைந்த திட்டம் உள்ள இடங்களில் பிழைகளும் மன அழுத்தமும் வேலை விடுவதும் குறைவு என்றது. நாடு தழுவிய இன்னோர் ஆய்வின்படி, புதிய நர்ஸ்களில் 17.5 சதவீதத்தினர் முதல் வேலையை ஓராண்டுக்குள் விட்டார்கள்.

மற்ற நாடுகளும் இதே கேள்விக்கு வந்துசேர்ந்தன. கல்வி பல்கலைக்கழகத்துக்கு மாறியபின் ஆஸ்திரேலியாவில் பட்டதாரி ஆண்டுத் திட்டங்களும் பிரிட்டனில் பிரிசெப்டர்ஷிப்பும் வளர்ந்தன. ஸ்காட்லாந்து 2006-ல் தன் திட்டத்தைத் தொடங்கியது. புதியவர்களுக்குப் பயிற்சி தர முயல்வது மருத்துவமனையின் கடமை என்று சொல்லும் சட்டத் திருத்தம் ஜப்பானில் 2010-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவிலும் பட்டப்படிப்பு புதிதல்ல; வேலூர் சிஎம்சி 1946-ல் தொடங்கியது துணைக்கண்டத்தின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகளில் ஒன்று. ஆனால் இங்கே இன்டர்ன்ஷிப் படிப்புக்குள்ளேயே இருக்கிறது. சான்றிதழ் வாங்கும் முன்பே முடிந்துவிடும் அது, வேலையில் சேர்ந்தபின் தொடங்கும் ரெசிடென்சியிலிருந்து வேறானது.

செலவுக் கேள்வி அமெரிக்காவில் இன்னும் முழுதாகத் தீரவில்லை. டாக்டர்களின் ரெசிடென்சிக்கு 1965 முதல் மெடிகேர் பணம் தருகிறது. மருத்துவமனையே நடத்தும் செவிலியர் பள்ளிகளுக்கும் அதில் பங்குண்டு. அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. புதிய நர்ஸ்களின் ரெசிடென்சிக்கு அப்படி நிலையான நிதி இல்லை. 2012-ல் தொடங்கி, ஐந்து மருத்துவமனைகளை மையமாக வைத்து 20 கோடி டாலரில் நடந்த சோதனைத் திட்டமும் உயர்நிலைச் செவிலியர் பயிற்சிக்கே போனது. ஒரு நர்ஸ் விலகினால் ஆகும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பெரிய மருத்துவமனைகள் தம் பணத்தில் திட்டத்தை நடத்துகின்றன. அந்த அளவு வசதியில்லாத கிராமப்புறச் சிறு மருத்துவமனைகள், புதியவர்களை அதிகம் நம்பியிருந்தும், பின்தங்குகின்றன. சில நிர்வாகங்கள் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் எழுதி வாங்கி, இடையில் விலகினால் பயிற்சிச் செலவு என்று ஒரு தொகையைக் கேட்டன. மருத்துவமனை தன் தேவைக்காகக் கட்டாயமாக்கும் பயிற்சியின் செலவை, நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் ஊழியர்களிடம் வசூலிக்கக் கூடாது என்று கலிபோர்னியா 2020-ல் சட்டம் இயற்றியது.